வயிறா, வயிற்றறையா: பெரிட்டோனியத்தைத் தமிழில் எப்படி எழுதுவது?

வயிற்றுக்குள் திரவத்தை விட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் முறை பற்றி நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். அந்தச் சிகிச்சை முழுக்க ஒரு சவ்வை நம்பித்தான் நடக்கிறது. அதன் பெயரைச் சொல்லாமல் நான்காவது வரிக்குப் போக முடியாது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழில் என் முன்னால் கிடந்தவை ஏழு: பெரிட்டோனியம், பெரிடோனியம், வபை, சுற்றுவிரி, வயிற்று உள்ளுறை, வயிற்றறை உறை, வயிற்றறைச் சவ்வு.

ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு நகரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் இந்தச் சொல் ஒரு பக்கத்தில் ஒருமுறை வந்துவிட்டுப் போகிற சொல் இல்லை. அதன் அழற்சி, அதன் இடைவெளி, அதற்குப் பின்னால் இருக்கும் உறுப்புகள், அதற்குள் போகும் காற்று என்று ஒரு குடும்பமே பின்னால் வருகிறது. முதல் சொல்லைத் தவறாக எடுத்தால் அத்தனையும் கோணலாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று கொஞ்சமாக ஊதிய ஒரு பலூனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்தில் உங்கள் மூடிய கையை மெதுவாக அழுத்துங்கள். பலூன் உடையாமல் கையைச் சுற்றி மடங்கிக்கொள்ளும். இப்போது கையை ஒட்டிக்கொண்டு ஒரு படலம் இருக்கிறது, அதற்கு வெளியே இன்னொரு படலம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே பலூன்தான். நம் வயிற்றில் கைக்குப் பதிலாகக் குடல், கல்லீரல், மண்ணீரல், இரைப்பை. உறுப்புகளை ஒட்டிய படலம் உறுப்புச் சவ்வு, வயிற்றுச் சுவரின் உட்புறத்தை ஒட்டியது சுவர்ச் சவ்வு. நடுவே இருக்கும் இடைவெளியில் சாதாரணமாக மிகக் கொஞ்சம் திரவம்தான் இருக்கும். குடல்கள் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிக்கொண்டு நகர அது போதும். மடிப்பு மடிப்பாகப் போகும் இந்தச் சவ்வை விரித்துப் போட்டால், பரப்பளவு ஏறத்தாழ நம் உடம்புத் தோலின் அளவுக்கு வரும்.

இந்தப் பலூன் படத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஏழு சொற்களையும் பார்க்க வேண்டும்.

வயிறு என்ற சொல் தரும் சிக்கல்

ஏழில் கேட்டவுடன் புரிவதுபோல் இருப்பது ‘வயிற்று உள்ளுறை’. என் முதல் படியில் அதைத்தான் போட்டிருந்தேன். எழுதி முடித்ததும் என் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். அத்தை தினமும் செய்தித்தாளை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படிப்பவர், மருத்துவம் தெரியாதவர். கையேடு யாருக்காகவோ, அவர்களைப் போன்றவர்.

“அத்தை, இந்த உள்ளுறை எங்க இருக்குன்னு தோணுது?”

யோசிக்கவே இல்லை. மார்புக்கூட்டுக்குச் சற்றுக் கீழே, மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். “இங்கதான். சாப்பாடு போய் விழற இடத்துல, உள்பக்கமா பூசுனாப்ல இருக்கும்ல, அது.”

அவர் சொன்னது இரைப்பையின் உட்படலத்தை. அவர்மேல் குற்றமே இல்லை. தமிழில் வயிறு என்றால் சாப்பாடு சேரும் பையும் வயிறுதான், தொப்புளைச் சுற்றிய உடம்புப் பகுதி முழுவதும் வயிறுதான், பிள்ளை பிறந்ததும் அம்மா வயிற்றில்தான். ‘வயிறு நிறைந்தது’, ‘வயிறு வலிக்கிறது’, ‘வயிற்றுப் பிள்ளைக்காரி’ என்று மூன்று இடத்திலும் ஒரே சொல். பேச்சில் சூழல் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், குழப்பம் வருவதில்லை. ஆனால் ‘வயிற்று உள்ளுறை’ என்று சூழலே இல்லாமல் ஒரு பெயரை நட்டுவைத்தால், வாசகர் தனக்கு நெருக்கமான வயிற்றைத்தான் எடுத்துக்கொள்வார். அது சாப்பாடு போகும் வயிறு.

இது சின்ன விஷயம் இல்லை. இந்தச் சொல்லோடு அழற்சியைச் சேர்த்துப் பாருங்கள்: ‘வயிற்று உள்ளுறை அழற்சி’. படிப்பவர் மனதில் வருவது இரைப்பை அழற்சி, அதாவது புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தால் போதும் என்ற நோய். உண்மையில் அந்த இடத்தில் சொல்ல வந்தது, குடலில் ஓட்டை விழுந்தோ கிருமி பரவியோ வயிறு பலகைபோல் இறுகிப்போகும் அவசரநிலை. சில மணி நேரத் தாமதம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். தவறான வீட்டுக்கு வழிகாட்டும் பெயர், பெயர் இல்லாததைவிட மோசம்.

‘உள்’ என்ற முன்னொட்டும் சரியில்லை. பலூனை நினைத்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய பாதிக்குத்தான் ‘உள்’ பொருந்தும். குடலை ஒட்டிய பாதியோ குடலுக்கு வெளிப்போர்வை. ‘வயிற்று உட்சுவர்’ என்று எழுதுவதும் இதே தவறுதான், அதைவிட ஒரு படி மேலே. சவ்வு சுவர் இல்லை, சுவரின் மேல் ஒட்டிய மெல்லிய படலம்.

வயிறு என்பதற்குப் பதில் ‘அடிவயிறு’ என்று போட்டுத் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அது தொப்புளுக்குக் கீழே உள்ள பகுதி மட்டும். இந்தச் சவ்வோ மேலே, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடிப்பக்கம் வரை போகிறது.

அத்தையிடம் அடுத்த முறை ‘வயிற்றறை’ என்று மாற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் நின்று படித்தார். பிறகு விலா எலும்பின் கீழ் விளிம்பிலிருந்து இடுப்பு வரை கையால் ஒரு வட்டம் போட்டு, “இந்தப் பொட்டி மொத்தமுமா?” என்றார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அறை என்ற இரண்டெழுத்து, வயிற்றை ஓர் உறுப்பிலிருந்து ஓர் இடமாக மாற்றிவிடுகிறது. அறை என்றால் சுவர் இருக்கும், உள்ளே பொருள்கள் இருக்கும். அந்தப் படம் தானாக வந்துவிடுகிறது.

உறையா, சவ்வா

ஆக, முன்பாதி வயிற்றறை என்று முடிவாயிற்று. பின்பாதிக்கு உறையா, சவ்வா, படலமா?

உறைக்குப் பெரிய பலம் அதன் உறவுகள். பெரிகார்டியத்தை இதய உறை என்கிறோம், ப்ளூராவை நுரையீரல் உறை என்கிறோம். இந்த மூன்றும் உடம்பில் ஒரே வகைத் திசு, ஒரே வேலை: நகரும் உறுப்பு உரசாமல் வழுக்க உதவுவது. எனவே மூன்றாவதை வயிற்றறை உறை என்றால் மாணவருக்கு உறவு உடனே தெரியும். பாடநூல் எழுதுபவருக்கு இது பெரிய கவர்ச்சி. எனக்கும் இருந்தது.

ஆனால் உறை என்றதும் என்ன தோன்றுகிறது? தலையணை உறை, வாளின் உறை, கடித உறை. எல்லாவற்றிலும் பொருள் உறைக்கு உள்ளே இருக்கிறது. பெரிட்டோனியத்தில் அப்படியில்லை என்பதுதான் அதன் விசேஷமே. கை பலூனுக்குள் போகவில்லை, வெளியிலிருந்து பலூனை அழுத்தியிருக்கிறது. அதேபோல் குடலும் கல்லீரலும் சவ்வின் இடைவெளிக்குள் இல்லை, சவ்வை உள்நோக்கித் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கின்றன. அந்த இடைவெளிக்குள் இருப்பது கொஞ்சம் திரவம் மட்டும். பெண்களின் சூலகம் மட்டும் இதற்கு விதிவிலக்காக இடைவெளியை எட்டிப் பார்க்கிறது. சிறுநீரகமும் கணையத்தின் பெரும்பகுதியும் இன்னும் ஒரு படி போய், சவ்வுக்கு முழுக்கப் பின்னால், முதுகுச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ‘உறை’ என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் ‘சிறுநீரகம் உறைக்குப் பின்னால் இருக்கிறது’ என்று எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். ‘சவ்வுக்குப் பின்னால்’ என்றால் எந்தச் சிரமமும் இல்லை. திரைக்குப் பின்னால் என்பதுபோல் போய்விடும்.

இன்னொன்று, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: வயிற்றறை உறை. சேர்த்து எழுதினால் வயிற்றறையுறை. இரண்டு றை அடுத்தடுத்து வந்து நாக்கில் இடறுகிறது. ஒரு செவிலியர் நாளைக்குப் பத்து முறை சொல்ல வேண்டிய சொல் இப்படி இருக்கக் கூடாது. ‘உறை’ வினையாக வரும்போது உறைதல் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. இரத்த உறைவு பற்றிப் பேசும் அதே பக்கத்தில் இந்த உறையும் வந்தால் கண் தடுமாறும்.

சவ்வுக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. பேச்சுத் தமிழில் ‘சவ்வு கிழிஞ்சிடுச்சு’ என்றால் முட்டி, ‘சவ்வு விலகிடுச்சு’ என்றால் முதுகு. தசைநாரையும் முதுகெலும்பின் தட்டையும் மக்கள் சவ்வு என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அதனால் வெறும் ‘சவ்வு’ என்று எழுதினால் சிலருக்குக் கெட்டியான, நார்போன்ற ஒன்று மனதில் வரும். வயிற்றறை என்ற முன்பாதி இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தடுத்துவிடும். முதல் முறை எழுதும்போது ‘மெல்லிய’ என்று ஓர் அடைமொழி சேர்த்துவிட்டால் மீதியும் தீர்ந்தது.

படலம் மென்மையான சொல்தான். ஆனால் கண்ணில் விழும் படலம், தண்ணீர்மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலம் என்று ஏதோ ஒட்டியிருக்கும் வேற்றுப்பொருள்போல் ஒலிக்கிறது. நீக்கிவிடலாம் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் எனக்கு.

வபை

குட்டியான சொல், அழகான சொல், சில கலைச்சொல் பட்டியல்களில் பெரிட்டோனியத்துக்கு நேராக நிற்கிறது. எனக்கு இதன்மேல் ஆசை இருந்தது. ஆனால் வேண்டாம் என்றே சொல்வேன். வடமொழியில் வபா என்பது வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரையைக் குறிப்பது, வேள்வியில் பலியிட்ட விலங்கிலிருந்து எடுத்து இடுவது. தமிழ் அகராதியிலும் வபைக்கு நிணம், அதாவது கொழுப்பு, என்றே பொருள். அந்தக் கொழுப்புத் திரை பெரிட்டோனியத்தின் ஒரு மடிப்புதான், ஆனால் முழுப் பெரிட்டோனியம் இல்லை. இரைப்பையின் கீழ்விளிம்பிலிருந்து முன்றானைபோல் குடலின்மேல் தொங்கும் பகுதி அது. மருத்துவத்தில் அதற்கு ஓமெண்டம் என்று தனிப்பெயரே இருக்கிறது. வபையை முழுச் சவ்வுக்குக் கொடுத்துவிட்டால், ஓமெண்டத்துக்கு என்ன கொடுப்பது? முன்றானைக்குச் சேலை என்று பெயர் வைத்துவிட்டு, முன்றானைக்கு வேறு பெயர் தேடுகிற கதைதான். வபையை ஓமெண்டத்துக்கே விட்டுவிடுவது நியாயம்.

சுற்றுவிரி

இதை முதன்முதலில் பார்த்தபோது வியந்துபோனேன். கிரேக்க மூலத்தை அப்படியே பிரித்துத் தமிழில் வைத்த சொல். கிரேக்கத்தில் பெரி என்றால் சுற்றி, பின்பாதி இழுத்து விரித்தல் என்ற வினையிலிருந்து வந்தது. சுற்றி இழுத்து விரிக்கப்பட்டது. சுற்று, விரி. மூன்றே அசையில் முழுப் பொருள். கூட்டுச்சொல் ஆக்குவதற்கும் எவ்வளவு இசைவு: சுற்றுவிரிக்குழி, சுற்றுவிரியழற்சி. வயிறு என்ற குழப்பமே இதில் கிடையாது.

குறை ஒன்றுதான். தெரியாதவர்களுக்கு இது எங்கே இருக்கிறது என்று ஒரு துப்பும் கொடுக்காது. அத்தையிடம் காட்டியபோது, “ஏதோ கோலம்போல இருக்கே” என்றார். ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ‘வயிற்று உள்ளுறை’ அவரைத் தப்பான இடத்துக்குக் கூட்டிப்போனது. ‘சுற்றுவிரி’ எங்கேயும் கூட்டிப்போகவில்லை, அவரைக் கேட்க வைத்தது. ஆசிரியர் பக்கத்தில் இருந்து விளக்கும் வகுப்பறைக்கு இந்தக் கேள்வி நல்லது. படுக்கையில் தனியாகக் கையேடு படிப்பவருக்கு அது உதவாது. உடற்கூறியலைத் தமிழிலேயே முறையாகப் படிக்கிற மாணவர்களுக்குப் புத்தகம் எழுதுவதாக இருந்தால், தயங்காமல் சுற்றுவிரியை எடுப்பேன்.

தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பிப்பது புதிய ஆசையும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் (1822–1884) என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தார், நூல்களைத் தமிழாக்கினார். இந்த மேசையில் நான் உட்கார்ந்து திணறுவதை, அவரும் அவரோடு வேலை செய்த தமிழர்களும் ஒவ்வோர் உறுப்புக்கும் செய்திருப்பார்கள் என்று நினைத்தால் ஒரு தெம்பு வருகிறது.

ஒலிபெயர்ப்பு: ஒற்றை ட-வா, ட்ட-வா

சரி, தமிழ்ச்சொல் எதுவாக இருந்தாலும், மருத்துவர் வாயிலும் பரிசோதனை அறிக்கையிலும் வரப்போவது ஆங்கிலப் பெயர்தான். நோயாளி அந்த ஒலியையும் கையேட்டில் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் ஒலிபெயர்ப்பு கட்டாயம் வேண்டும். எப்படி எழுதுவது?

நான் பார்த்த வடிவங்கள்: பெரிட்டோனியம், பெரிடோனியம், பெரிடொனியம், பெரிட்டோனீயம். இவற்றில் பெரிடோனியம்தான் பலர் கை பழகியது, அதுதான் தவறும்கூட. தமிழில் வல்லின எழுத்து உயிர்களுக்கு நடுவே தனியாக வந்தால் மெலிந்து ஒலிக்கும். சோடா, ரேடியோ என்று படிக்கும்போது அந்த ட எப்படி ஒலிக்கிறது? ஆங்கில D எழுத்தின் ஒலியாக. இரட்டித்தால்தான் வன்மை வரும்: மீட்டர், லிட்டர், மோட்டார். பெரிட்டோனியத்தில் இருப்பது மீட்டரின் ஒலி, சோடாவின் ஒலி இல்லை. எனவே ட்ட. இது ஒருவர் விருப்பம் சார்ந்ததல்ல, தமிழ் எழுத்து வேலை செய்யும் விதமே அதுதான்.

இலங்கை வழக்கில் ஆங்கிலத்தின் இந்த ஒலிக்கு ட்ட-வுக்குப் பதில் ற்ற வருவது உண்டு. ரொறன்ரோ என்று எழுதும் கை பெரிற்றோனியம் என்று எழுதினால் அது அந்த மரபுக்குள் சரி. ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

குறிலா நெடிலா என்பதில் நான் நெகிழ்ந்துகொடுப்பேன். ஆங்கிலத்தில் அழுத்தம் ‘னீ’ மேல் விழுகிறது, ‘டோ’ பாதி விழுங்கப்படுகிறது. காதில் விழுவதைத் துல்லியமாக எழுதினால் பெரிட்டனீயம் என்று வரும். ஆனால் நாம் கால்சியம், சோடியம், மியூசியம் என்றுதான் பழகியிருக்கிறோம். அந்த வரிசையில் பெரிட்டோனியம் இயல்பாக உட்காருகிறது. வேற்றுமை உருபு ஏற்கும்போதும் அத்துச் சாரியை பெற்று பெரிட்டோனியத்தில், பெரிட்டோனியத்தை என்று மரத்தில், மரத்தை போலவே நடக்கிறது. வெளிநாட்டுச் சொல் இவ்வளவு சொன்னபடி கேட்பது அபூர்வம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தபோது பின்பாதியில் ஏ (a), ஈ (e) என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து நின்றன. பழைய மருத்துவ நூல்களில் அந்த வடிவத்தைப் பார்க்கலாம். இன்று ஏ உதிர்ந்து ஈ மட்டும் நிற்கிறது. 1998-இல் வந்த சர்வதேச உடற்கூறியல் சொற்பட்டியலும் அப்படியே எழுதுகிறது. இதில் விசித்திரம், உணவுக்குழாய்க்கும் பெருங்குடலின் தொடக்கப் பகுதிக்கும் பிரிட்டன் பழைய இரட்டை எழுத்தை விடாமல் வைத்திருக்கிறது, அமெரிக்கா விட்டுவிட்டது. பெரிட்டோனியத்தில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக விட்டுவிட்டார்கள். ஆகவே இதைப் பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாடு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். பழையது, புதியது என்ற வேறுபாடுதான். தமிழுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு எழுத்துக்கூட்டலும் நம் எழுத்தில் ஒரே ‘னியம்’ ஆகிவிடுகின்றன. பழைய நூலில் தேடும்போது மட்டும் இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேட வேண்டியிருக்கும்.

எழுத்துப்பிழை உண்மையிலேயே ஆபத்தாகும் இடம் வேறு. பெரிட்டோனியம் ஒன்று, பெரினியம் இன்னொன்று. பின்னது தொடைகளுக்கு நடுவே, பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் இடைப்பட்ட பகுதி. பிரசவத்தில் கிழிந்து தையல் போடப்படுவது அங்கேதான். நடுவில் ஒரு ‘ட்டோ’ விட்டுப்போனால் வயிற்றுக்குள் இருக்கும் சவ்வு தொடை நடுவே போய்விடும். பெரோனியல் என்று காலின் வெளிப்பக்கத்து நரம்பு ஒன்றும் இருக்கிறது. உடற்கூறியல் பட்டியல் அதற்கு இப்போது ஃபிபுலார் என்ற பெயரை முன்னால் வைக்கிறது, நல்லவேளை. ஒலிபெயர்ப்பை மட்டும் நம்பி எழுதுவதில் இருக்கும் பெரிய அபாயம் இதுதான். மூன்றும் தமிழ் எழுத்தில் அண்ணன் தம்பிபோல் தெரியும், கை வேகத்தில் ஒன்று மற்றொன்றாகும். பக்கத்தில் ஒரு தமிழ்ச்சொல் நின்றால், பிழை நேர்ந்தாலும் வாசகர் தடுக்கி நின்று கவனிப்பார்.

ஒலிபெயர்ப்புக்கு இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும். பெரிட்டோனியம், பெரிட்டோனியல், பெரிட்டோனைட்டிஸ் என்று ஆங்கில இலக்கணத்தையும் சேர்த்து இறக்குமதி செய்தால், ஆங்கிலம் தெரியாதவருக்கு அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். ஒரே வேரைப் பிடித்துக்கொண்டு பெரிட்டோனிய டயாலிசிஸ், பெரிட்டோனிய அழற்சி என்று எழுதினால் உறவு கண்ணுக்குத் தெரியும்.

கூட்டுச்சொல்லில் வைத்துப் பார்ப்பது

ஒரு கலைச்சொல் நல்லதா என்று தனியாக வைத்துப் பார்த்தால் தெரியாது. வாக்கியத்தில் ஓட விட்டுப் பார்க்க வேண்டும். மிஞ்சிய மூன்றையும் நான் குடல்வால் அழற்சியில் ஓட விட்டேன். அந்த நோயில் வலி முதலில் தொப்புளைச் சுற்றி மங்கலாக ஆரம்பிக்கும். சில மணி நேரம் கழித்து வலது அடிவயிற்றில் ஒரு புள்ளியில் வந்து சுருக்கென்று நிற்கும். காரணம், உறுப்பை ஒட்டிய சவ்வின் நரம்புகளுக்கு வலியின் இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது, சுவரை ஒட்டிய சவ்வின் நரம்புகளுக்குத் தெரியும். வீக்கம் சுவர்ச் சவ்வைத் தொட்டதும் வலிக்கு முகவரி கிடைத்துவிடுகிறது.

இப்போது எழுதிப் பாருங்கள். ‘வீக்கம் வயிற்றறைச் சவ்வின் சுவர்ப்பகுதியைத் தொட்டதும் வலி ஓரிடத்தில் நிற்கிறது.’ படிக்க முடிகிறது, காட்சி தெரிகிறது. ‘சுவர்ச் சுற்றுவிரியைத் தொட்டதும்’ என்பது சுருக்கம், பாடநூலில் கம்பீரமாக இருக்கும். ‘பரைட்டல் பெரிட்டோனியத்தைத் தொட்டதும்’ என்றால் மருத்துவ மாணவருக்கு மட்டும் புரியும், அவர் ஆங்கிலத்திலேயே படித்துக்கொள்வார்.

அடுத்தது இடைவெளி. வயிற்றறை வேறு, வயிற்றறைச் சவ்வின் இடைவெளி வேறு. சிறுநீரகம் முதலாவதில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. டயாலிசிஸ் திரவம் இரண்டாவதற்குள் போகிறது. சோம்பலில் ‘வயிற்றறை டயாலிசிஸ்’ என்று சுருக்கும் வழக்கத்தை நான் முழுக்கக் கண்டிக்க மாட்டேன், பேச்சில் அது ஓடும். ஆனால் எழுத்தில் சவ்வை விட்டுவிட்டால், வடிகட்டும் வேலையைச் செய்வது எது என்பதே மறைந்துபோகிறது. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்குச் சுமார் 2 லிட்டர் திரவம், பெரும்பாலும் நாளைக்கு 4 தடவை, ஒவ்வொரு தடவையும் சில மணி நேரம் உள்ளே தங்கும். அந்த நேரத்தில் சவ்வின் நுண்ணிய இரத்தக்குழாய்களிலிருந்து கழிவுகள் திரவத்துக்குள் இறங்குகின்றன, திரவத்தில் இருக்கும் சர்க்கரை கூடுதல் நீரை இழுத்துக்கொள்கிறது. சவ்வுதான் கதாநாயகன். அதன் பெயரை வெட்டக் கூடாது.

வெளியே எடுத்த திரவம் கலங்கியிருந்தால் சவ்வில் தொற்று வந்திருக்கலாம். பையை அச்சிட்ட தாள்மேல் வைத்து, எழுத்து தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லித்தருவார்கள். எழுத்து மங்கினால் உடனே சிகிச்சைக் குழுவைக் கூப்பிட வேண்டும். கையேட்டிலேயே முக்கியமான பக்கம் இதுதான். இந்தப் பக்கத்தின் தலைப்பில் ‘வயிற்று உள்ளுறை அழற்சி’ என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக என் தேர்வு வாசகரைப் பொறுத்து மாறுகிறது, ஆனால் சம அளவில் மாறவில்லை. நோயாளிக் கையேடு, ஒப்புதல் படிவம், செய்தி, பொதுக்கட்டுரை எல்லாவற்றுக்கும் வயிற்றறைச் சவ்வு. முதல் இடத்தில் பெரிட்டோனியம் என்ற ஒலியையும் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். முறையான தமிழ்ப் பாடநூலுக்குச் சுற்றுவிரி. மருத்துவர்களுக்குள் சுற்றும் குறிப்புக்குப் பெரிட்டோனியம் போதும், இரட்டை ட்-டோடு. அகராதியோ தேடக்கூடிய பட்டியலோ தயாரிப்பவர்கள் எல்லா வடிவத்தையும், பெரிடோனியம் என்ற தவறான வடிவம் உட்பட, ஒரே பதிவுக்கு வழிகாட்டும்படி சேர்க்க வேண்டும். தேடுகிறவர் எந்த வடிவத்தைத் தட்டுவார் என்பது நம் கையில் இல்லை. வபை ஓமெண்டத்துக்குப் போகட்டும். வயிற்று உள்ளுறையை எங்கே பார்த்தாலும் திருத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் கையேட்டின் மூன்றாவது வரி கடைசியில் இப்படிப் போயிற்று: “உங்கள் வயிற்றறையின் சுவரையும், உள்ளே இருக்கும் குடல் முதலிய உறுப்புகளையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு வயிற்றறைச் சவ்வு என்று பெயர். மருத்துவர் இதைப் பெரிட்டோனியம் என்று சொல்லக் கேட்பீர்கள்.” அத்தை படித்துவிட்டு, இந்த முறை கையை எங்கும் வைக்கவில்லை. “சரி, அப்புறம் இந்தத் தண்ணிய எவ்வளவு நேரம் உள்ள வெச்சுக்கணும்?” என்று நான்காவது வரியைக் கேட்டார்.